பூமி என்னும் பூஜ்யம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்சாரத்தோடு பழகுகிறவர்கள் செய்யும் பிழைகளுள் மிகவும் விபரீதமானது, பிழையென்றே தோன்றாமல் சாமர்த்தியமான பரிகாரமாகத் தோற்றமளிப்பது. கிதார்க்காரரின் ஆம்ப்ளிஃபயர் ஒரு மூலையிலும், குரலைப் பதிவு செய்யும் மிக்ஸர் மற்றொரு மூலையிலும் இருக்க, இடையே எதிரொலியையும் கரகரப்பையும் அலையலையான நடுக்கத்தையும் நாதத்துக்கு ஏற்றிக் கொடுக்கும் பெடல்கள் என்னும் சாதனங்கள் வரிசையாக வைக்கப்பட்டு, எல்லாம் கேபிள்களால் பிணைக்கப்பட்டு முடிந்த கணத்தில், ஒருவரும் ஒரு சுரமும் வாசிக்காமல் இருக்கும்போதே, ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற ஓயாத ரீங்காரம் ஒன்று கிளம்புகிறது. கேபிளை மாற்றிப் பார்க்கிறார்கள், சாதனங்களை இடம் பெயர்த்துப் பார்க்கிறார்கள், ஒன்றும் பலிப்பதில்லை. கடைசியில் அனுபவஸ்தர் என்று பெயரெடுத்த ஒருவர் முன்வந்து, ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கைத் திருப்புளியால் திறந்து, பெரிய பின்னில் முடுக்கியிருக்கும் பச்சை ஒயரைக் கழற்றி மடக்கிவிட்டு, மூடிச் செருகுகிறார். ரீங்காரம் மாயமாக மறைகிறது. எல்லோரும் அவரை மெச்சுகிறார்கள். அந்தப் பச்சை ஒயர் ஒரே சமயத்தில் இரண்டு உத்தியோகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும், ஒன்றில் நேர்ந்த தொந்தரவுக்காக மற்றொன்றிலிருந்தும் அதை நீக்கிவிட்டார்கள் என்பதும் அந்த வேளையில் எவருடைய சிந்தைக்கும் எட்டுவதில்லை.

முதல் உத்தியோகம் உயிரைக் காப்பது. நம் சுவரில் உள்ள சாக்கெட்டில் கீழே இரண்டு சிறு துவாரங்கள், பேஸுக்கும் நியூட்ரலுக்கும். மேலே பெரிதாக ஒன்று, எர்த்துக்கு. எர்த் பின் மற்ற இரண்டைக் காட்டிலும் தடித்தும் நீண்டும் இருப்பதற்குக் காரணம் உண்டு: செருகும்போது மின்சாரம் வந்து சேர்வதற்கு முன்னரே அது தொட்டுவிட வேண்டும், பிடுங்கும்போது மின்சாரம் அகன்ற பின்னரே அது விட வேண்டும். சாதனத்தின் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கும் இந்த ஒயருக்குச் சாதாரண நாட்களில் வேலை ஏதும் இல்லை. என்றேனும் உள்ளே உறை தேய்ந்து பேஸ் ஒயர் பெட்டியைத் தொட்டுவிட்டால், மனித உடம்பைக் காட்டிலும் சுலபமான வழி ஒன்றை மின்சாரத்துக்குக் காட்டி, பெருமளவில் அதை இழுத்துச் சென்று, மிகையான மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. ஸ்விட்சைக் கீழே தள்ளிவிடுவதற்காகவே அது வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த வழி உண்மையில் சுலபமானதுதானா என்பது வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் யாரும் திரும்பிப் பாராத ஓர் இடத்தில், தீர்மானமாகிறது. கரியும் உப்பும் இட்டு, இரும்புக் குழாயைப் புதைத்து, எலெக்ட்ரீஷியன் தோண்டிவைத்த எர்த் குழி அது. குழியும் பூமியும் சேர்ந்து 5 ஓம் தடையே கொடுத்தால், பெட்டியில் பாய்ந்த 230 வோல்ட் அதன் வழியே 46 ஆம்பியர் மின்சாரத்தை ஓட்டும். 6 ஆம்பியர் எம்.சி.பி. தாமதமின்றி விழும். சித்திரை வெயிலில் மண் உலர்ந்து, பல வருஷங்களாக ஒரு குடம் தண்ணீரும் காணாமல், அந்தத் தடை 100 ஓமாக உயர்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போது ஓடுவது 2.3 ஆம்பியர்தான், எம்.சி.பி. அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது. ஆம்ப்ளிஃபயரின் பெட்டியோ ஏறக்குறைய முழு 230 வோல்ட்டையும் தாங்கிக்கொண்டு, தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். பழைய வீட்டு அறையொன்றில் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க விரும்புகிறவர் விலையுயர்ந்த மைக்கைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் இந்தக் குழியைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சாக்கெட்டில் மூன்றாவது துவாரம் இருப்பது மட்டும் எதற்கும் அத்தாட்சி ஆகாது. அதன் பின்னால் ஒயரே இல்லாத வீடுகள் எத்தனையோ உண்டு.

எம்.சி.பி. என்பது சுவருக்குள் ஓடும் ஒயரைத் தீயிலிருந்து காப்பதற்கான சாதனமே தவிர, மனிதனைக் காப்பதற்கானது அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஈரமான கையோடு இருக்கும் ஒருவருடைய உடம்பின் தடை 1,000 ஓம் அளவில் இருக்கலாம். 230 வோல்ட் அவ்வுடம்பின் வழியே 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். பிராணனைப் போக்க அது தாராளமாகப் போதும், எம்.சி.பி.யை அசைக்கவோ அதைப்போல் இருபத்தாறு மடங்கு தேவை. அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், மின்கம்பியைப் பற்றிய கை எந்த அளவு மின்சாரத்தில் தன்னை விடுவித்துக்கொள்ளும் சக்தியை இழக்கிறது என்பதை மனிதர்களை வைத்தே பரிசோதித்து, ஆண்களுக்கு அது சராசரியாக 16 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக 1961இல் அவர் ஒரு கருவியை வகுத்தார்: பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, சிறிது குறைந்தாலும், அது யாருடைய உடம்பின் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அனுமானித்து, இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி. அந்தத் தத்துவத்தில் இயங்கும் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் அளவில் இன்று நம் கடைகளிலும் கிடைக்கிறது. இசைக்கருவிகள் இயங்கும் அறைக்கு அது இன்றியமையாதது.

இசைக்கலைஞருக்கு ஏன் இந்த விசேஷ எச்சரிக்கை என்று கேட்கலாம். மின்சார கிதாரின் தந்திகள் அதன் உலோகப் பாலத்தைத் தொடுகின்றன. பாலத்திலிருந்து ஒரு ஒயர் ஜாக்குக்கும், அங்கிருந்து கேபிளின் மேலுறைக்கும், மேலுறை ஆம்ப்ளிஃபயரின் பெட்டிக்கும் செல்கின்றது. ஆகவே தந்தியில் விரல் வைத்தவர் ஆம்ப்ளிஃபயரின் பெட்டியையே தொட்டுக்கொண்டிருக்கிறார். அதன் பச்சை ஒயர் துண்டிக்கப்பட்டு, உள்ளே பழுதும் நேர்ந்திருந்தால், தந்திகளில் உயிர்கொல்லும் மின்சாரம் நிற்கும். ஆயினும், தரையிலிருந்து உலர்ந்த பலகையாலோ காலணியாலோ பிரிக்கப்பட்டிருக்கும் வரையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. சரியாக எர்த் செய்யப்பட்ட மைக்கில் பாடுவதற்காக உதட்டைக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் வட்டம் பூர்த்தியாகிறது. மின்சாரம் கையில் புகுந்து, மார்பின் வழியே சென்று, வாயால் வெளியேறுகிறது.

இது வெறும் கற்பனை அன்று. 1965 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரத்து மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், கையிலிருந்த கிதார் மைக் ஸ்டாண்டில் பட்ட அளவில் நினைவிழந்து சாய்ந்தார். ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியே அவரைக் காப்பாற்றியதென்று வழக்கமாகச் சொல்வார்கள். ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் லெஸ் ஹார்விக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை: 1972 மே 3ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில், கச்சேரிக்கு வந்தவர்களின் கண்ணெதிரே, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976 மே மாதத்தில் தம் வீட்டில் மின்சார கிதார் வாசிக்கையில் மாண்டார். மேடையோ வீடோ எதுவாயினும் பௌதிகம் ஒன்றே.

பச்சை ஒயரின் இரண்டாவது உத்தியோகம் என்னவென்றால், சப்தத்துக்குப் பூஜ்யமாக நிற்பது. கேபிளின் நடுக்கம்பியில் உள்ள மின்னழுத்தம் இவ்வளவு என்று நாம் சொல்லும்போது, அதை மேலுறையிலிருந்து அளந்தே சொல்கிறோம். மேலுறையோ சாதனங்களின் பெட்டிகளோடு, அதாவது எர்த்தோடு, சேர்ந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரிலும் மிக்ஸர் எதிர்ச்சுவரிலும் செருகப்பட்டிருந்தால் இரண்டு எர்த் ஒயர்களும் வெவ்வேறு வழியாகச் சென்று எங்கோ தொலைவில் கூடுகின்றன. இடையில் நாம் போட்ட கேபிளின் மேலுறை அவற்றை இன்னொரு தடவை இணைத்து, அறையைச் சுற்றிவரும் பெரியதொரு வளையத்தை உண்டாக்கிவிடுகிறது. சுவருக்குள்ளும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்த மண்டலம் இவ்வளையத்தை ஊடுருவுவதால், அதில் மின்சாரம் தூண்டப்பட்டுச் சுற்றத் தொடங்குகிறது. அது 100 மில்லி ஆம்பியர் என்றும், மேலுறையின் தடை ஓமில் பத்தில் ஒரு பங்கு என்றும் கொண்டால், அதன் இரு முனைகளுக்கும் இடையே 10 மில்லி வோல்ட் வித்தியாசம் ஏற்படும். ஒரு சாதனத்தின் பூஜ்யம் மற்றொன்றின் பூஜ்யமாக இல்லாமற் போய்விடுகிறது. கிதாரிலிருந்து வரும் நாதமே 100 மில்லி வோல்ட் அளவினதாகையால், அதில் பத்தில் ஒரு பங்கு ரீங்காரம் என்பது சகிக்கத்தக்கதன்று. நடுவே கரகரப்பு பெடல் ஒன்று இருந்து, சிறியதைப் பெரிதாக்கி, பெரியதை மட்டுப்படுத்தினால், சுரங்களின் இடைவெளி முழுவதையும் ரீங்காரமே ஆக்கிரமித்துக்கொள்ளும்.

வளையத்தை அறுக்க வேண்டும் என்பதில் அந்த அனுபவஸ்தரின் எண்ணம் சரி. எங்கே அறுப்பது என்பதில்தான் தவறினார். அறுக்க வேண்டிய இடம் சப்தத்தின் பாதையில் இருக்கிறது, மின்சாரத்தின் பாதையில் இல்லை. ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்தால், நாதம் காந்தத்தின் மூலம் கடந்து செல்லும். உலோகத் தொடர்பு மட்டும் அற்றுப்போகும். டி.ஐ. பாக்ஸ் என்று கூடங்களில் வழங்கும் சிறு பெட்டியில் பெரும்பாலும் இருப்பது இதுவே. அதன் பக்கத்தில் கிரவுண்ட் லிஃப்ட் என்று எழுதியிருக்கும் சிறிய ஸ்விட்ச் கேபிள் மேலுறையின் தொடர்பைத்தான் நீக்குகிறது, பிளக்கின் எர்த்தை அன்று. இதற்கும் முன்னதாக, செலவே இல்லாத பரிகாரம் ஒன்று உண்டு. சிறு கூடமொன்றின் கம்ப்யூட்டர், மிக்ஸர், ஸ்பீக்கர்கள், பெடல்கள் எல்லாம் சேர்ந்து 500 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டாலும், அது 230 வோல்ட்டில் 2 ஆம்பியருக்குச் சற்று மேற்பட்டதே; ஆகையால் அவ்வளவையும் ஒரே சாக்கெட்டிலிருந்து, தரமான ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூலமாகத் தாராளமாக இயக்கலாம். எர்த்துகள் யாவும் ஓரிடத்தில் கூடிவிட்டால் வளையம் சுருங்கி, அதைக் காந்த மண்டலம் ஊடுருவ இடமில்லாமற் போகும். ஏ.சி. யந்திரத்தை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாகாது.

எர்த் இல்லாத சாதனத்திலும் தொல்லை உண்டு. இரண்டு பின் அடாப்டரில் இயங்கும் லேப்டாப்பின் உலோக மூடியைப் புறங்கையால் மெல்ல வருடிப் பார்த்தவர்கள், கையில் நுண்ணிய நடுக்கம் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். அடாப்டருக்குள் இரைச்சலைத் தடுக்க வைத்திருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியே கசியும் மின்சாரம் அது; மில்லி ஆம்பியரின் ஒரு பின்னமே ஆனதால் மனிதனுக்குத் தீங்கில்லை. ஆயினும், பூமியோடு தொடர்பில்லாத அந்த மூடி மின்வாரிய அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியில் மிதந்துகொண்டிருக்கிறது. அத்தகைய லேப்டாப்பை ஓடவிட்டுக்கொண்டே மிக்ஸரில் ஜாக்கைச் செருகினால், மேலுறை சேர்வதற்கு முன் நுனி தொட்டுவிடும் வேளையில் அந்த அழுத்தம் மென்மையான உள்ளீட்டுப் பகுதிக்குள் பாயும். ‘டப்’ என்ற அந்தச் சப்தத்தை அலட்சியம் செய்கிறவர்கள், சில மாதங்களுக்குப் பின் ஒரு சேனல் மட்டும் ஊமையானதன் காரணம் புரியாமல் திகைக்கிறார்கள்.

பெடல்களின் விஷயம் தனி அத்தியாயத்துக்குரியது. அவற்றுள் முதன்முதலில் கடைக்கு வந்தவற்றில் ஒன்றான மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1962இல் கிப்ஸன் கம்பெனியாரால் வெளியிடப்பட்டு, சாதாரண 1.5 வோல்ட் செல்களில் ஓடியது. 1965இல், சாக்ரமெண்டோ விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன், ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டின் பிரசித்தி பெற்ற கரகரப்பை அதே ரிச்சர்ட்ஸ் இதைக்கொண்டுதான் எழுப்பினார். மின்வாரியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத செல், ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே அமைந்த தூய மூலம். அதில் வளையமும் இல்லை, ரீங்காரமும் இல்லை. பிற்பாடு 9 வோல்ட் பேட்டரி பொதுவழக்காயிற்று. கிதாரின் கேபிளை உள்ளீட்டில் செருகினாலே பேட்டரி இணைந்துவிடும்படி அந்த ஜாக்கையே ஸ்விட்சாகவும் அமைத்திருப்பார்கள். வாசித்து முடித்தபின் கேபிளைப் பிடுங்காமல் தூங்கப் போனவருக்கு மறுநாள் பேட்டரி வெறுமையாகவே இருக்கும்.

பேட்டரிக்குப் பதிலாக அடாப்டரைக் கொண்டுவரும்போது பார்க்க வேண்டியவை வோல்ட், துருவம், ஆம்பியர். வோல்ட் எழுதியபடியே இருக்க வேண்டும். 9 வோல்ட்டுக்காக அமைத்த பெடலின் கெப்பாசிட்டர்கள் பல 16 வோல்ட் தாங்குபவை, 18 வோல்ட்டைக் கொடுத்தால் பொறுக்கமாட்டா. நேர்மின்சாரமா மாறுமின்சாரமா என்பதையும் பார்க்க வேண்டும்; டிஜிடெக் வாமியின் பழைய வகைகளைப் போல மாறுமின்சாரம் கேட்கும் பெடல்களின் அடாப்டரை மற்றவற்றில் செருகுவது நாசத்தை அழைப்பதாகும். ஆம்பியர் விஷயத்தில் மட்டும் பயம் வீண்: ஊற்றுப் பெருத்த கிணறு என்பதற்காகச் சிறு செம்பு கொண்டுவந்தவன் அதிகமாக மொள்ளுவதில்லை, அதுபோல 20 மில்லி ஆம்பியர் வேண்டிய பெடல் 2,000 மில்லி ஆம்பியர் அடாப்டரிலும் 20ஐத்தான் எடுக்கும். குறைவாயிருந்தால்தான் ஆபத்து. பழைய அனலாக் பெடல்களுக்குச் சில மில்லி ஆம்பியரே போதும். புதிய டிஜிட்டல் ரிவெர்ப் பெடல்களில் 300 வரை கொள்பவை உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

துருவந்தான் சூக்ஷ்மமானது. இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை, ஜப்பானிய பாஸ் கம்பெனியின் வழக்கத்தைப் பின்பற்றி, அடாப்டர் ஜாக்கின் நடுவில் எதிர்த்துருவத்தையும் வெளிவட்டத்தில் நேர்த்துருவத்தையும் எதிர்பார்க்கின்றன. வீட்டிலுள்ள பிற சாதனங்களின் அடாப்டர்கள் பலவும் இதற்கு நேர்மாறானவை. மாற்றிச் செருகினால் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் உள்ளே அலுமினியத்தின்மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் கரைந்து, வெப்பமும் வாயுவும் தோன்றி, அது வீங்கி வெடிக்கவும் கூடும். இதைவிட விசித்திரமானது, துருவத்தைச் சரியாக இணைத்தும் நேரும் விபத்து. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்னும் பெடல், ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டரின் பிரகிருதிக்கு இசைய, பேட்டரியின் நேர்த்துருவத்தைப் பெட்டியோடு சேர்த்தது. மற்றப் பெடல்களோ எதிர்த்துருவத்தைப் பெட்டியோடு சேர்ப்பவை. ஒரே அடாப்டரிலிருந்து கிளைகள் பிரித்து இருவகைக்கும் மின்சாரம் கொடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆடியோ கேபிளைச் செருகினால், அதன் மேலுறை இரு பெட்டிகளையும் இணைத்து, அடாப்டரின் நேர்த்துருவத்தை எதிர்த்துருவத்தோடு நேராகவே சேர்த்துவிடும்! பெடல்களில் பழுதில்லை, அடாப்டரிலும் பழுதில்லை, கேபிளிலும் பழுதில்லை. பூஜ்யம் எது என்பதில் அவை ஒத்துப்போகாததே ஷார்ட் ஆனதற்குக் காரணம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிச் சுற்று வைத்த ஐஸொலேட்டட் பவர் சப்ளை என்பது பழைய செல்லின் அந்தத் தனிமையை மறுபடியும் விலைக்கு வாங்கித் தருவதே.

மைக்குக்கு மேலுறையையே திரும்பும் பாதையாகக் கொண்டு, நாதம் வரும் இரு கம்பிகளிலேயே மின்சாரத்தையும் அனுப்புகிற பேண்டம் பவரின் கதை சுவையானது. 1966இல் பெர்லினைச் சேர்ந்த நாய்மான் நிறுவனத்தார் நார்வே நாட்டு வானொலிக்கு டிரான்ஸிஸ்டர் மைக்குகளைச் செய்து கொடுத்தபோது, அந்நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே இருந்ததால், அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த விளக்கின் வோல்ட்தான் இன்று உலகத்து மிக்ஸர்களிலெல்லாம் பொத்தானாக இருக்கிறது. இரு கம்பிகளிலும் 6.8 கிலோ ஓம் தடைகள் வழியே சமமாகவே அது வருவதால், சாதாரண டைனமிக் மைக்கின் சுருள் தன் இரு முனைக்கும் இடையே வித்தியாசம் காணாமல் சும்மா இருக்கும். ஆனால் எஃபெக்ட் சாதனத்தின் வெளியீட்டை மைக் உள்ளீட்டில் செருகியிருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால், நாதத்தை வெளியே அனுப்ப வேண்டிய பகுதிக்குள் 48 வோல்ட் எதிர்த்து ஏறும். இணைப்புகளை மாற்றிச் செருகுவதற்கான பேட்ச் பேயின் ஜாக்குகளில் இது இன்னும் மோசம்: பிளக் நுழையும்போது நுனி மேலுறைத் தகட்டை உரசிக்கொண்டு போவதால், 48 வோல்ட்டில் நிரம்பியிருந்த கெப்பாசிட்டர்கள் அந்தக் கணத்தில் தங்கள் சேமிப்பு முழுவதையும் மிக்ஸரின் முதல் டிரான்ஸிஸ்டர்மேல் கொட்டிவிடும்.

ஆதலால் கேபிள்களைச் செருகுவதும் பிடுங்குவதும், பவரை அணைத்தோ, வால்யூமை முற்றும் தாழ்த்திப் பேண்டம் பொத்தானை நீக்கிச் சில விநாடிகள் பொறுத்தோதான் செய்யத்தக்கவை. ஸ்விட்ச் போடும்போது நாதம் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்கி, பெடல்கள், மிக்ஸர் என்று வந்து, ஸ்பீக்கர்களைக் கடைசியில் போட வேண்டும். ஒவ்வொரு சாதனமும் உயிர்பெறும்போது அதனுள் கெப்பாசிட்டர்கள் நிரம்புகிற உதறல் ஒன்று வெளிவரும். பெரிதாக்குகிறவன் அப்போது விழித்திருந்தால் அந்த உதறல் முழுவதும் ஸ்பீக்கரின் கூம்பில் போய் இடிக்கும். அணைக்கும்போது வரிசை தலைகீழ்: ஸ்பீக்கர்கள் முதலில், பிறகு மிக்ஸர், அதன்பின் மற்றவை. வால்வு ஆம்ப்ளிஃபயர் இருக்குமானால், ஸ்பீக்கரை இணைக்காமல் அதை ஒருபோதும் இயக்கலாகாது. இணைக்காவிட்டால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் எழும் அழுத்தம் அதன் உறையையே பிளந்துவிடக் கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெட்டியைத் திறக்க வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, அவற்றை முறைப்படி வடித்துவிட்டு மீட்டரால் சோதிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கே அந்த வேலை உரியது.